16 அடி பிளைவுட் படகுக்கு எத்தனை எச்பி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடிப் பக்கம் வீட்டுக் கொட்டகையில் 16 அடி நீளத்தில் தட்டை அடி (அடிப்பாகம் தட்டையான) பிளைவுட் படகு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பின்பலகை, அதாவது எஞ்சின் தொங்கும் பின்சுவர், நாலரை அடி அகலம். அடிப்பாகமும் பக்கங்களும் ஒட்டியாயிற்று, பின்பலகையை மட்டும் இன்னும் உயரத்துக்கு வெட்டவில்லை. கேரளத்திலிருந்து பழைய 40 எச்பி மண்ணெண்ணெய் அவுட்போர்டு (பின்பலகையில் தொங்கவிடும் எஞ்சின்) ஒன்று மலிவாக வருகிறது. அதைப் போட்டால் 25 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) ஓடுமா, இல்லை ஊரில் பலரும் வைத்திருப்பது போல 10 எச்பி டீசல் லாங் டெயில் (நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் உள்ள எஞ்சின்) போதுமா என்பது கேள்வி. நாலு பேர் ஏறுவீர்கள், தூண்டில் போடத்தான் போவீர்கள், வியாபாரத்துக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி எஞ்சினைப் பற்றியதாகத் தெரிந்தாலும், அதற்கு முன் தீர்க்கவேண்டியவை இரண்டு: இந்த அடிப்பாகத்துக்கு எந்த வேகம் பொருந்தும், ஆளும் சாமானும் ஏறிய பிறகு படகு எத்தனை கிலோ நிற்கும். இவை தெரிந்தால் எச்பி தானாக விழுந்துவிடும். எஞ்சினில் ஆரம்பித்துப் படகுக்கு வந்தால் காசும் போகும், பின்பலகையும் போகும்.

நான் கப்பல் கட்டுமானம் படித்தவன். பெரிய கப்பல் பக்கம் போகாமல் சிறு படகுக் கூடங்களில் வடிவமும் எடையும் எஞ்சினும் பொருத்திப் பார்க்கிற வேலையிலேயே இருந்துவிட்டேன். பிளைவுட் படகு நம் கரைக்குப் புதிதில்லை. 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் மரைன் பிளையைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறையில் படகு கட்டத் தொடங்கினார்கள். அது திருவனந்தபுரம் கரை வரைக்கும் பரவியது. பின்னாளில் சிஃப்ஸ் என்ற மீனவர் சங்கக் கூட்டமைப்பின் கூடங்கள் அதைத் தொடர்ந்தன. அந்தப் படகுகளில் பெரும்பாலும் தொங்கியது பத்து எச்பிக்குள் அடங்கும் சின்ன அவுட்போர்டுதான். கட்டியவர்களுக்கு வேகத்தில் ஆசை இல்லாமல் இல்லை. எடையையும் அடி வடிவத்தையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த இடத்தில் நின்றார்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஓடும் படகு அணியத்தில் (முன்முனையில்) ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீளமாகிறது. அலையின் நீளம் படகு நீரைத் தொடும் நீளத்துக்குச் சமமாகும்போது அணியம் ஒரு முகட்டிலும் அமரம் (பின்முனை) அடுத்த முகட்டிலும் நிற்கும். அதற்கு மேல் வேகம் கேட்டால், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏறவேண்டியிருக்கும். இந்த விதியை மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்தியவர் வில்லியம் ஃப்ரூட். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டிச் சோதித்தார். கணக்கு எளிது: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் அந்த வேகம் வரும். உங்கள் படகு 16 அடியானாலும் நீரைத் தொடுவது 15 அடி என்று வையுங்கள். வர்க்கமூலம் 3.87, பெருக்கினால் 5.2 நாட். மணிக்கு 9.6 கிலோமீட்டர்.

அந்த 5.2 நாட்டுக்கு எத்தனை எச்பி வேண்டும் என்றால் நிறையப் பேர் நம்பமாட்டார்கள். நீரை விலக்கி ஓடும் வேகத்தில், புரொப்பல்லர் தண்டில் ஒரு எச்பி சுமார் 230 கிலோவைத் தள்ளும். உங்கள் படகு நாலு பேரோடு 600 கிலோ என்றால் 2.6 எச்பி போதும். 4 நாட்டில் திருப்தி என்றால் 1.2 எச்பி. இது அமைதியான நீருக்கான கணக்கு. எதிர்காற்றுக்கும் அலைக்கும், பாசி பிடித்த அடிக்கும் சேர்த்து இருமடங்கு வைப்பது வழக்கம். உங்கள் படகின் பின்பலகை தட்டையாக நீரில் அமிழ்ந்திருக்கும் என்பதால் மெதுவான ஓட்டத்தில் அது பின்னாலேயே நீரை இழுத்துக்கொண்டு வரும். அதற்கும் கொஞ்சம் சேர்த்தால் 5, 6 எச்பி ஆகும். இந்த வேகத்துக்கு அதற்கு மேல் போட்டால் சத்தமும் டீசல் செலவும்தான் கூடும்.

அடுத்தது, நீரின் மேல் ஏறி ஓடும் வேகம். அடி தட்டையாகவும் பின்பக்கம் நேராகவும் இருந்து, எடைக்குப் போதுமான எச்பி கிடைத்தால், படகு தன் அலையைத் தாண்டி ஏறி, அடியின் பின்பாதியில் மட்டும் நின்று ஓடும். 15 அடி நீர்க்கோட்டுக்கு இது ஏறத்தாழ 10 நாட்டில் தொடங்கும், 12 நாட்டில் சுத்தமாக நிலைக்கும். 5-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பது பொல்லாத இடம். படகு அணியத்தைத் தூக்கி, அமரத்தைக் குழித்து, மேடு ஏறும் பாரவண்டி மாதிரி மூச்சுமுட்டும். முன்னால் என்ன வருகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. எண்ணெய் அதிகம் குடிப்பதும் இங்கேதான். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: 5 நாட் படகா, 14 நாட்டுக்கு மேல் ஓடும் படகா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் 8 நாட் போதும் என்று அடக்கமாகக் கேட்பதுதான் கணக்குப்படி மிக ஊதாரித்தனமான ஆசை.

நம்பாவிட்டால் பத்துக் கடல் மைல் பயணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நாட்டில் இரண்டு மணி நேரம், நாலு எச்பி எடுக்கும் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் மூன்று லிட்டருக்குள் முடிக்கும். 16 நாட்டில் 15 எச்பி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் நாற்பது நிமிடத்துக்குள் போய்ச்சேர்ந்து நாலு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதே எஞ்சினை 9 நாட்டில் அமரம் குழியக் குழிய ஓட்டினால் பத்து, பதினோரு எச்பி எடுத்து, ஒரு மணிக்கு மேல் ஓடி, ஐந்து லிட்டர் கேட்கும். இந்த லிட்டர் கணக்குகள் தோராயம்தான், எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். எது பெரிது எது சிறிது என்ற வரிசை மட்டும் மாறாது.

இப்போது எடைக்கு வருகிறேன். வீட்டில் கட்டும் படகுகள் கணக்குத் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். நீங்கள் வாங்கிய வரைபடம் வெளிநாட்டுக்காரர் போட்டது என்கிறீர்கள். அவர்கள் மனதில் இருக்கும் பிளை ஒக்கூமே மரம், கன மீட்டருக்கு 500 கிலோ சுமார். நம் கடையில் ஐஎஸ் 710 முத்திரையோடு கிடைக்கும் மரைன் பிளை கெட்டி மரத்தில் செய்தது, 700-ஐத் தொடும். எட்டுக்கு நாலு தாள் ஒன்று, 9 மி.மீ. கனத்தில், அவர்கள் ஊரில் 13 கிலோ சொச்சம், இங்கே 19 கிலோ. 12 மி.மீ. தாள் 25 கிலோ. கடையில் ஒரு தாளைத் தராசில் நிறுத்திப் பாருங்கள், என் வார்த்தையை நம்பவேண்டாம். உங்கள் படகுக்கு 12 மி.மீ. மூன்று தாள், 9 மி.மீ. ஐந்து தாள் என்று எழுதியிருந்தீர்கள். மொத்தம் 169 கிலோ. வெட்டித் தள்ளிய துண்டுகள் போக 144 நிற்கும். ஒக்கூமேயில் இதுவே 103 கிலோதான். ஆக, வரைபடத்தில் எழுதியிருக்கும் எடையை விட உங்கள் படகு இப்போதே நாற்பது கிலோ அதிகம். அதனால் படகு கெட்டுப்போகாது, நம் பிளை உழைக்கும் பிளை. ஆனால் வரைபடக்காரர் சொன்ன எச்பியையும் வேகத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மேலே போவோம். சட்டம், நீளக்கட்டைகள், உட்காரும் பலகை எல்லாம் 45 கிலோ. எபாக்சியும் ஃபைபர் துணியும் 35 கிலோ. கையால் பூசும்போது பிசின் அதிகம் போய்விடும், இதைக் குறைத்துப் போடாதீர்கள். வெற்றுப் படகு 225. 15 எச்பி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 37 கிலோ சுமார், ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 50-ஐ ஒட்டி வரும். 25 லிட்டர் பெட்ரோல் கேனோடு 20. நங்கூரம், கயிறு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி 35. நாலு பேர் எழுபது எழுபதாக 280. கூட்டினால் 597. நான் மேலே 600 என்று வைத்தது இப்படித்தான். இது மதிப்பீடு. படகை நீரில் இறக்கியதும் நிஜம் தெரிந்துவிடும். நீர்க்கோட்டில் உங்கள் படகின் பரப்பு நாலே முக்கால் சதுர மீட்டர் அளவில் வரும். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் அமிழக் கடல்நீரில் 49 கிலோ ஏறவேண்டும். வெளிப்பக்கம் அமரத்திலும் அணியத்திலும் சென்டிமீட்டர் கோடுகளை பெயின்ட்டில் போட்டுவையுங்கள். எத்தனை கோடு மூழ்கியது என்று பார்த்தால் எத்தனை கிலோ ஏறியது என்று தெரியும், பின்னால் சாய்கிறதா என்றும் தெரியும்.

ஏறி ஓடும் வேகத்துக்குச் சிறு படகுக்காரர்கள் நம்பும் கணக்கு க்ரவுச் சூத்திரம். எடையைப் பவுண்டில் எடுத்து எச்பியால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் 150-ஐ வகுத்தால் நாட் கணக்கில் வேகம். 600 கிலோ என்பது 1,323 பவுண்டு. 15 எச்பிக்கு 88, வர்க்கமூலம் 9.4, வேகம் 16 நாட். இரண்டு பேர் மட்டும் போனால் 460 கிலோ, 18 நாட். 25 எச்பி, எஞ்சின் எடை கூடுவதையும் சேர்த்தால் 20 நாட். உங்கள் 40 எச்பிக்குப் போட்டால், எஞ்சினே எழுபது கிலோவைத் தாண்டும், எண்ணெயும் கூட வேண்டும், மொத்தம் 650 கிலோ. வேகம் 25 நாட். நீங்கள் கேட்ட அதே எண் வந்துவிட்டது பாருங்கள். கணக்குப்படி ஓடும். இருந்தும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம், இந்தச் சூத்திரம் படகு மேலே ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறது. ஏறுமா என்று அது சொல்லாது. அந்த 150 என்ற எண்ணும் நல்ல நிலையில் இருக்கும் சாதாரண வேகப்படகுகளின் சராசரி. பத்துப் பதினைந்து சதவீதம் இப்படியோ அப்படியோ போகும். பழைய எஞ்சினில் 40 என்று ஒட்டியிருப்பது புதிதாக இருந்தபோது கொடுத்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்காமல் அதை 32-க்கு மேல் நான் எண்ணமாட்டேன். இரண்டாவது, பின்பலகை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சிறுபடகு விதி ஒன்று உண்டு. நமக்கு அது சட்டமல்ல, ஆனால் அனுபவத்தில் நின்ற விதி. படகின் நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் எடுத்துப் பெருக்குங்கள்: 16, 4.5, வருவது 72. கைப்பிடியால் திருப்பும் தட்டை அடிப் படகுக்கு அதில் பாதியிலிருந்து 15-ஐக் கழிக்கவேண்டும். 21 வரும், ஐந்தின் அடுத்த மடங்காக 25 வரை போகலாம். ஸ்டியரிங் சக்கரம் வைத்து, 20 அங்குலப் பின்பலகையும் இருந்தால் அதே விதி 50-க்கு மேலும் விடும். ஆக 40 முடியவே முடியாது என்பதில்லை. ஆனால் உங்கள் படகில் ஸ்டியரிங் கிடையாது, அமரத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்கப்போகிறீர்கள். உங்கள் எடையும் எஞ்சின் எடையும் எண்ணெய்க் கேனும் கடைசி மூன்றடியில் சேர்ந்துவிடும். 25 நாட்டில் கைப்பிடி கையை விட்டு உருவினால் படகு தன் நீளத்துக்குள் திரும்பும், உள்ளே இருப்பவர்கள் வெளியே போவார்கள்.

மூன்றாவது, பாக் விரிகுடா. ஆழம் குறைந்த கடல், பெரும்பாலும் பத்து மீட்டரைச் சுற்றித்தான். காற்று எடுத்ததும் அலை உயரமாகாவிட்டாலும் கிட்டக்கிட்ட, செங்குத்தாக வரும். வாடை மாதங்களில் உங்கள் கரையிலிருந்து வெளியே போகும்போது அது முகத்தில் அடிக்கும். தட்டை அடி 16 நாட்டிலேயே இரண்டடி அலையில் பலகையை உலுக்கும், முதுகை உலுக்கும். 25 நாட் என்பது கண்ணாடி மாதிரி நீர் கிடைக்கும் விடியற்காலைக்கு மட்டும். உங்கள் கரைக்கு வெளியேதான் கடல்புல் படுகைகள், 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த பகுதியும் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோடு ஒட்டியதுதான். ஆழமில்லாத புல்மேல் வேகமாக ஓட்டினால் புரொப்பல்லர் புல்லை அறுக்கும், தண்ணீர் இழுக்கும் துளையில் அது அடைத்து எஞ்சின் சூடேறும், மூச்சுவிட மேலே வரும் கடல்பசு விலக நேரம் கிடைக்காது. அங்கே மெதுவாகத்தான் போகவேண்டும், எத்தனை எச்பி இருந்தாலும்.

லாங் டெயிலைப் பற்றி. நம் கரைக்கு அது நன்றாகப் பொருந்திய சாதனம். ஆழமில்லாத இடத்தில் தூக்கிக்கொள்ளலாம், புல் அடைக்காது, டீசல், ஊரிலேயே பழுது பார்க்க ஆள் உண்டு. ஆனால் எஞ்சின், தண்டு, தாங்கி எல்லாம் சேர்ந்து அவுட்போர்டை விட இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். தண்டு சாய்வாக இருப்பதால் தள்ளும் விசையில் ஒரு பங்கு வீண். 10 என்று எழுதியிருந்தாலும் நாள் முழுக்கக் கொடுப்பது ஏழெட்டுதான். உங்கள் 600 சொச்சம் கிலோவை அது மேலே ஏற்றாது. 5, 6 நாட் நன்றாகப் போகும். அதற்கு மேல் முறுக்கினால் நான் சொன்ன பொல்லாத இடத்தில் நிற்கும். மெதுவான படகு என்று முடிவு செய்தால் 10 கூட வேண்டாம், 5, 6 எச்பி எஞ்சினே போதும், முடிந்தால் வேகத்தைக் குறைக்கும் கியரோடு. பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றினால் சின்னது வேகமாகச் சுற்றுவதை விட அதே எண்ணெய்க்கு அதிகம் தள்ளும். உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையை மையமாக வைத்து 1979 முதல் நம் மீனவர்களோடு வேலை செய்தபோது, எண்ணெய் மிச்சம் பிடிக்க அவர்கள் முன்னால் வைத்த யோசனைகளில் இது ஒன்று. இன்னொன்று இன்னும் எளிது: த்ராட்டிலைக் கொஞ்சம் குறையுங்கள்.

சரி, உங்களுக்கு என் பரிந்துரை. அடி உண்மையிலேயே ஏறி ஓடும் வடிவமாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் போவீர்கள் என்றால், 15 எச்பி. எப்போதும் நாலு பேர் என்றால் 20, கிடைக்காவிட்டால் 25. ஒரு எச்பிக்கு 25 கிலோ இருந்தால் படகு தயங்காமல் ஏறும். 40 கிலோ என்பது விளிம்பு. நாலு பேரோடு 15 எச்பி அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அமைதியான நீரில் ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் ஏறும், அலையில் தயங்கும். இதை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும்.

அடி வடிவத்தை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். வளையாத எட்டடி அலுமினியச் சட்டம் ஒன்றை எடுத்து, கவிழ்த்து வைத்த படகின் அடியில், பின்பலகை விளிம்பிலிருந்து முன்னோக்கி வையுங்கள். நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரத்திலும் ஒரு தடவை. சட்டம் முழு நீளமும் ஒட்டி உட்கார்ந்தால் நல்லது. சட்டம் நடுவில் தொட்டுக்கொண்டு பின்முனையில் இடைவெளி தெரிந்தால் அடி பின்னால் மேல்நோக்கி வளைகிறது என்று அர்த்தம். ஐந்து மி.மீ. வரை எபாக்சி மாவு போட்டு நேராக்கிவிடலாம். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருந்தால் அது துடுப்புக்கும் பாய்க்கும் போட்ட வடிவம். நீங்கள் எத்தனை எச்பி தொங்கவிட்டாலும் அமரம் குழியும், அணியம் தவளை மாதிரி குதிக்கும். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், 5 நாட் படகாகவே முடித்துவிடுங்கள், நல்ல படகாக இருக்கும். இடைவெளி சட்டத்தின் நடுவில் வந்து, முனைகள் மட்டும் தொட்டால் அடி உள்பக்கம் குழிந்திருக்கிறது. அது ஓட்டத்தில் அணியத்தை நீருக்குள் அழுத்தும், அலையில் ஆபத்து, நேராக்காமல் இறக்காதீர்கள்.

எஞ்சின் வாங்குமுன் இன்னொரு சோதனை செய்யலாம், செலவு இல்லாதது. நீரில் இறக்கிய படகில் நாலு பேரையோ, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களையோ ஏற்றி, வேறொரு படகால் இழுக்கச் சொல்லுங்கள். கயிறு நீளமாக, முன்படகின் சுழிக்கு வெளியே இருக்கவேண்டும். கயிற்றின் நடுவில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று, கையில் ஜிபிஎஸ் உள்ள போன். 4 நாட்டில் தராசு 20 கிலோ காட்டினால், அந்த விசையை (20 கிலோ என்பது 196 நியூட்டன்) வினாடிக்கு 2.06 மீட்டரால் பெருக்க 400 வாட் வரும். புரொப்பல்லர் பாதிக்குக் குறைவாகத்தான் தள்ளலாக மாற்றும், அதனால் தண்டில் 900 வாட், அதாவது 1.2 எச்பி. மேலே சூத்திரத்தில் வந்த எண்ணும் இதுதான். தராசு 30 காட்டினால் உங்கள் படகு கணக்கை விடக் கனமாகவோ இழுவையாகவோ இருக்கிறது, எல்லா எச்பியையும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். சூத்திரத்தை விட இந்தத் தராசை நான் நம்புவேன்.

புரொப்பல்லரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எச்பி சரியாக இருந்தும் வேகம் வராத படகுகளில் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். 15 எச்பி எஞ்சின்கள் பலவற்றில் கியர் விகிதம் 2.08. எஞ்சின் 5,000 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் 2,400. பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறவேண்டிய தூரம், 9 அங்குலம் என்றால், வழுக்கல் இல்லாவிட்டால் 17.8 நாட். ஏறி ஓடும் படகில் 15 சதவீதம் வழுக்கும், கையில் வருவது 15 நாட். க்ரவுச் சொன்ன 16-க்கு இது பக்கத்தில் இருக்கிறது, ஆக 9 அங்குலம் பொருத்தமான ஆரம்பம். முழு த்ராட்டிலில், முழு எடையோடு, எஞ்சின் தன் கையேட்டில் சொன்ன சுற்று வரம்பைத் தொடவேண்டும். தொடாவிட்டால் பிட்ச் அதிகம், ஒரு அங்குலம் குறைத்தால் இருநூறு சுற்று ஏறும். தொடாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் கரி பிடித்துக் கெடும். தாண்டினால் பிட்ச் கூட்டுங்கள். வேகம் அளக்கும்போது ஒரே வழியில் போகவும் வரவும் எடுத்துச் சராசரி பாருங்கள், நீரோட்டம் ஏமாற்றும்.

கடைசியாக, உடனே முடிவெடுக்கவேண்டிய பின்பலகை. இந்த அளவு அவுட்போர்டுக்குக் கால் (நீருக்குள் இறங்கும் பகுதி) பெரும்பாலும் இரண்டு அளவில் வரும், 15 அங்குலம், 20 அங்குலம். அடிப்பலகையின் கீழ்முகத்திலிருந்து பின்பலகையின் மேல்விளிம்பு வரை அளந்து இதற்குப் பொருந்தவேண்டும். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு அடிக்கு நேராகவோ, ஓர் அங்குலம் கீழாகவோ நின்றால் சரி. மேலே போனால் காற்றை உறிஞ்சும், கீழே போனால் இழுவை. திறந்த கடலுக்கு நான் 20 அங்குலத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏற ஐந்து அங்குலம் கூடத் தாண்டவேண்டும். கனம் 15 எச்பிக்கு 40 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 25-க்கு 50. அடி நீளக்கட்டைகளோடு முழங்கட்டை (மூலையைத் தாங்கும் கட்டை) வைத்துக் கட்டுங்கள், தள்ளும் விசை பலகையோடு நிற்காமல் அடிக்குள் இறங்கவேண்டும். எஞ்சின் கைக்கு வரும்வரை பின்பலகையை 22 அங்குலமாகவே விட்டுவையுங்கள். வந்தபின் காலை அளந்து, எஞ்சின் உட்காரும் இடத்தை மட்டும் வெட்டி, வெட்டிய விளிம்பில் தெரியும் அடுக்குகள் குடித்து நிறையும்வரை எபாக்சியை மூன்று கை பூசிக் காயவிட்ட பிறகு கிளாம்பை மாட்டுங்கள்.